உயிர்ச்சத்து டி: பெயரும் குறைமாதக் குழந்தையும்

‘வைட்டமின்’ என்ற சொல் ஒரு தவறான ஊகத்தில் பிறந்தது. 1912-இல் உயிர்வேதியியலாளர் காசிமிர் ஃபங்க், உயிருக்கு இன்றியமையாத இந்தப் பொருள்கள் யாவும் ‘அமின்’ வகையைச் சேர்ந்த நைட்ரஜன் சேர்மங்கள் என்று எண்ணினார். உயிரைக் குறிக்கும் ‘விட்டா’ என்ற இலத்தீன் சொல்லோடு அமினை ஒட்டினார். எல்லாம் அமின் அல்ல என்று தெரிந்தபின், 1920-இல் மற்றோர் உயிர்வேதியியலாளர் ஜாக் டிரம்மண்ட், ‘vitamine’ என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்தான ‘e’-ஐ மட்டும் நீக்கினார். ஏ, பி, சி-க்குப் பின் 1922-இல் பெயர் பெற்றதால் நம் உயிர்ச்சத்து ‘டி’ ஆனது. இதன் மூலக்கூறில் ஒரு நைட்ரஜன் அணுகூட இல்லை!

தமிழின் ‘உயிர்ச்சத்து’ உயிரை வைத்துக்கொண்டு அமினை விட்டுவிட்டது. மூலச்சொல்லைவிட இதுவே சரி என்பேன். வேதிப்பெயரான ‘கால்சிஃபெரால்’ இன்னும் அழகு: சுண்ணாம்பைச் சுமப்பது என்று பொருள். உணவிலுள்ள கால்சியத்தைக் குடல் உறிஞ்சிக்கொள்ளத் துணைநிற்பதுதானே இதன் வேலை.

அடுத்த சொல் ‘குறைமாதக் குழந்தை’. 37 வாரம் நிறையும் முன் பிறந்தது. இதை ‘எடை குறைந்த குழந்தை’ என்று எழுதுவது பிழை. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் எடை குறையலாம். இங்கே குறைந்தது மாதம், அதுவும் கடைசி மாதங்கள். எலும்புக்கான கால்சியம், பாஸ்பரஸில் ஏறத்தாழ 80 விழுக்காட்டைக் கரு கடைசி மூன்று மாதங்களில்தான் தாயிடமிருந்து பெறுகிறது. 28-ஆம் வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த வரத்து தொடக்கத்திலேயே அறுந்துவிடுகிறது. தாயின் இரத்தத்தில் டி குறைந்திருந்தால், குழந்தையும் குறைந்த இருப்போடுதான் பிறக்கும்.

தாய்ப்பாலுக்கு ஈடில்லை, ஆனால் அதில் டி மிகக் குறைவு. மஞ்சள் காமாலைக்குக் காட்டும் நீல விளக்கு டி-யை உண்டாக்கும் என்று சிலர் நம்புகிறார்கள். உண்டாக்காது; தோலில் டி உருவாகப் புற ஊதாக் கதிர் வேண்டும். ஆகவேதான் சொட்டு மருந்து. குறைமாதக் குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு 400 முதல் 1000 பன்னாட்டு அலகு (புட்டியில் IU) வரை பரிந்துரைக்கப்படுகிறது. 400 அலகு என்பது 10 மைக்ரோகிராம். கால்சியமும் பாஸ்பரஸும் போதாமல் டி-யை மட்டும் கூட்டினால் எலும்பு உறுதிப்படாது.

‘சொட்டு’ என்ற சொல்லில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஒரே சொட்டில் 400 அலகு தரும் மருந்தும் உண்டு, ஒரு மில்லிலிட்டரில் 400 தருவதும் உண்டு. அளவு மிஞ்சினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். எத்தனை அலகு, இந்தப் புட்டியில் அது எத்தனை சொட்டு என்று மருத்துவரிடம் இரண்டையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.