மீட்டரில் குறைவு, அடியில் துரு: கடலோரத்தில் பழைய பெரிய கார் வாங்குமுன்

ராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் கீழக்கரை, தொண்டி, தங்கச்சிமடம் பக்கம் விற்பனைக்கு வரும் பெரிய செடான்களில் ஒரு வகை தனியாக உண்டு. ஆக்டேவியா, கரோலா ஆல்டிஸ், சூப்பர்ப், எலான்ட்ரா மாதிரி வண்டிகள். உரிமையாளர் வெளிநாட்டில் இருப்பார். வருஷத்தில் ஒரு மாதமோ நாற்பது நாளோ விடுப்பில் வரும்போது ஓட்டியிருப்பார். மற்ற நாளெல்லாம் வண்டி போர்ட்டிகோவில் கவர் போட்டு நின்றிருக்கும். எட்டு வயது வண்டிக்கு மீட்டரில் 32,000 கிலோமீட்டர்தான். சீட்டில் ஒரு சுருக்கம் இருக்காது. பார்த்ததும் அட்வான்ஸ் கொடுக்கத் தோன்றும்.

அவசரப்படாதீர்கள். மதுரையில் நின்ற வண்டிக்கு 32,000 என்பது நல்ல செய்தியாக இருக்கலாம். அலைச் சத்தம் கேட்கும் தூரத்தில் நின்ற வண்டிக்கு, சும்மா நின்ற நாள் அதிகம் என்றுதான் அதற்குப் பொருள். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். தினமும் ஓடும் வண்டியில் எஞ்சின் சூடும் காற்றோட்டமும் அந்த ஈரத்தைக் கொஞ்சமாவது காய வைக்கும். நிற்கும் வண்டியில் ராத்திரி படிந்த ஈரம் மூலை முடுக்கில் அப்படியே கிடக்கும், கவர் போட்டிருந்தால் இன்னும் தாமதமாகத்தான் காயும்.

இதைவிடக் கெடுதல் செய்வது பல வீடுகளில் தினசரி நடக்கும் வேலை, போர் தண்ணீரில் கார் கழுவுவது. நம் கடலோரத்தில் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு. குடிக்க வரும் நல்ல தண்ணீரை யாரும் காருக்குச் செலவழிப்பதில்லை. வேலையாள் அக்கறையாகத்தான் ஹோஸ் பிடித்து அடிக்கிறார். அந்தத் தண்ணீர் கதவின் அடி மடிப்பிலும் மட்கார்டு உள்விளிம்பிலும் இறங்கிக் காய்ந்து, தடவைக்குக் கொஞ்சம் உப்பை விட்டுப் போகிறது. எனவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்பதைத்தான். கிலோமீட்டரைப் பிறகு கேட்கலாம்.

பெயிண்ட் பளபளப்பைப் பார்க்கும் நேரத்தில் வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லுங்கள். லிஃப்ட் இல்லாத ஊர் என்றால் குழி உள்ள ஒர்க்‌ஷாப் போதும். கையில் டார்ச்சும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் வேண்டும்.

அடியில் முதலில் பிரேக் பைப்பைத் தேடுங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் பென்சிலைவிட மெல்லிய இரும்புக் குழாய் அது. அதைப் பிடித்து நிற்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்கு அடியில் மணலும் உப்பும் தேங்குவதால் துரு அங்கேதான் தொடங்கும். கிளிப் ஓரத்தில் மேல்பூச்சு கொப்புளமாக எழும்பியிருக்கிறதா பாருங்கள், விரலால் தடவுங்கள். வெறும் பழுப்புக் கறை என்றால் சமாளிக்கலாம். செதில் செதிலாக உரிந்து கையோடு வந்தால் குழாயை மாற்றியே ஆக வேண்டும். உள்ளே எண்ணெய் அழுத்தத்தில் போகிறது, துரு குழாயைத் தின்றுவிட்டால் ஒரு திடீர் பிரேக்கில் வெடிக்கும். இந்த ஒன்றை மட்டும் விலை பேசி விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து ஜாக்கி வைக்கும் மடிப்பு, எஞ்சினைத் தாங்கும் சப்ஃபிரேம், சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் கடைசிச் சுற்று உட்காரும் தட்டு, சைலன்சர் இணைப்புகள், டிக்கியில் ஸ்டெப்னி குழி. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று பேசும். அரித்த தகடு பொத்தென்று அடங்கும். எட்டு வயது வண்டியின் அடிப்பாகம் முழுக்கப் புதுத் தாராகக் கறுத்து மின்னினால் சந்தேகம் வர வேண்டும். துருவைச் சுரண்டாமல் மேலே கோட்டிங் அடித்தால் உள்ளே அரிப்பு நிற்காது, கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். பில்லும் தேதியும் கேளுங்கள். போன வாரம் அடித்தது என்றால் விற்பதற்காக அடித்தது.

மேல்பக்கம் பெயிண்ட் தடிமன் மீட்டர் இருந்தால் வேலை சுலபம். கம்பெனி பெயிண்ட் சாதாரணமாக 90 முதல் 150 மைக்ரான் காட்டும். 200-ஐத் தாண்டினால் மறுபடி அடித்தது, 400, 500 என்று போனால் அடியில் பட்டி (பள்ளம் நிரப்பும் பூச்சு) இருக்கிறது. கதவின் கீழ்விளிம்பில் பட்டி இருந்தால் இந்தக் கடற்கரையில் அது இடித்த டென்ட்டாக மட்டும் இருக்காது, துரு ஓட்டையை அடைத்ததாகவும் இருக்கலாம். கதவைத் திறந்து அடியில் உள்ள வடிகால் துளைகளைக் குச்சியால் குத்திப் பாருங்கள்.

நின்ற வண்டியின் மற்ற நோய்கள் பேனட்டுக்குள் இருக்கும். ரேடியேட்டரில் கூலன்ட்டுக்குப் பதிலாக உப்புத் தண்ணீர் ஊற்றியிருந்தால் டேங்க்கில் சிவப்போ பச்சையோ தெரியாது, கலங்கிய பழுப்பு தெரியும். அலுமினிய ஹெட்டும் வாட்டர் பம்ப்பும் உள்ளிருந்து அரிபடும். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரின் மெல்லிய தகடுகளை நகத்தால் லேசாகத் தொடுங்கள், மாவாக உதிர்ந்தால் ஆயுசு முடிந்தது. வெளியே 34 டிகிரி வெயிலில் பத்து நிமிடம் ஓட்டிய பிறகு நடுத் துவாரத்தில் வெப்பமானி 10 டிகிரியையொட்டி நிற்க வேண்டும், 15-க்கு மேல் என்றால் கணக்கில் வையுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் பொருள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது அது.

டயரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம். பட்டன் தேயாமல் இருந்தாலும் ஆறு வருஷம் தாண்டிய டயரை நம்பி நான்குவழிச் சாலையில் 100-இல் போக வேண்டாம்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்வது முக்கியம். காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லி, பேனட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ ஒரு சத்தத்தை மறைக்க முன்பே ஓட வைத்திருக்கலாம். ஸ்கேனர் மாட்டினால் எரர் கோடு (வண்டியின் கணினி பதிந்து வைக்கும் கோளாறுக் குறியீடு) மட்டும் பார்த்து எழுந்துவிடாதீர்கள். பல கார்களில், கோடுகளை அழித்த பிறகு ஓடிய தூரமும் தெரியும். அது 12 கிலோமீட்டர் என்று காட்டினால் நேற்றோ இன்றோதான் அழித்திருக்கிறார்கள்.

ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடாவில் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் என்றால் அநேகமாக ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி, அதாவது இரட்டைக் கிளட்ச் கியர்பாக்ஸ். சந்தை நெரிசல் மாதிரி ஊர்ந்து போகும் இடத்தில் முதல், இரண்டாம் கியருக்கு நடுவே வண்டி நடுங்கினாலோ, ரிவர்ஸிலிருந்து டிரைவுக்கு மாற்றியதும் தயங்கினாலோ, கிளட்ச்சோ, கியரை மாற்றும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட்டோ செலவு வைக்கும். லட்சக்கணக்கில் பேச்சு வரும், வேலையும் பெரும்பாலும் மதுரைக்குத்தான் போகும். ஆறு கியர் ஈரக் கிளட்ச் உள்ள டீசல் வண்டியில் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கியர் ஆயில் மாற்றிய பில் இருக்க வேண்டும். இந்த ஒப்பீட்டில் ஆல்டிஸ் பெட்ரோல் மேனுவல் நம் ஊருக்கு நிம்மதியான வண்டி. செவர்லே க்ரூஸ் விலை ஆசை காட்டும். ஆனால் 2017-இலேயே அந்த நிறுவனம் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது, உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டும்.

ஓட்டிப் பார்ப்பதற்குக் கிழக்கு கடற்கரைச் சாலை மட்டும் போதாது, பாம்பன் சாலைப் பாலத்துக்கும் போங்கள். அதன் இணைப்புகள்மேல் 40-இல் உருட்டினால் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு மாதிரி சஸ்பென்ஷன் பாகங்கள் தேய்ந்திருந்தால் தானே பேசும். இறங்கியதும் நான்கு ரிம்மின் அருகிலும் கை வையுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால், பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரின் நகரும் பின் (ஊசி) துருவில் சிக்கிப் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளும் நம் பக்கம் வருகின்றன. 2015 டிசம்பரில் சென்னை, 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம், 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. சீட் பெல்ட்டை முழுதாக இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரிகிறதா பாருங்கள். சீட் தண்டவாளத்தின் போல்ட்டில் துரு, தரைவிரிப்புக்கு அடியில் வண்டல், மூக்கைத் துளைக்கும் வாசனைத் திரவியம் மூன்றும் ஒன்றாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

காகிதத்தில் இன்சூரன்ஸ் பாலிசியின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்குத் தரும் தள்ளுபடி) விழுக்காட்டைப் பாருங்கள். ஐந்து வருஷம் க்ளெய்ம் இல்லை என்றால் 50 இருக்க வேண்டும். பூஜ்யம் என்றால் முந்தைய வருஷம் என்ன க்ளெய்ம் என்று கேளுங்கள். ராமநாதபுரத்தின் டிஎன் 65 இல்லாமல் புதுச்சேரி, காரைக்கால் பதிவு என்றால் படிவம் 28-இல் தடையின்மைச் சான்றும் இங்கே கட்ட வேண்டிய வரியும் விலைக்கு மேல் வரும். கடன் நீக்கப் படிவம் 35, பெயர் மாற்றப் படிவம் 29, 30 ஆகியவற்றில் உரிமையாளரே கையெழுத்திட வேண்டும். அவர் துபாயில் இருந்தால், வருகிறவரை பணத்தில் பாதியை நிறுத்தி வையுங்கள்.