மாற்றுக் கல்வி அல்ல, மறுவழிக் கல்வி

"இடைநிற்றல் மாணவர்களை மாற்றுக் கல்வி வாயிலாக மைய நீரோட்டத்தில் இணைத்தல்." சுற்றறிக்கையில், பயிற்சிக் கையேட்டில், ஃபிளெக்ஸ் தட்டியில் என்று ஆண்டு தவறாமல் வந்து நிற்கும் வரி. எட்டே சொல், அதில் மூன்று கோளாறு. முதலும் கடைசியும் இலக்கணக் கோளாறும் நடைக் கோளாறும்தான். அவற்றைப் பிறகு பார்க்கலாம். நடுவில் கிடக்கும் ‘மாற்றுக் கல்வி’தான் பிள்ளைகளுக்கு நேராகவே கெடுதல் செய்கிறது.

மூலச்சொல்லைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கிலத்தில் ‘ஆல்டர்நேட்டிவ் எஜுகேஷன்’. லத்தீனில் ‘ஆல்டர்’ என்றால் இரண்டில் மற்றது. அந்த ஒரே பெயரின்கீழ் ஆங்கிலத்தார் இரண்டு வேறு சரக்குகளை வைத்திருக்கிறார்கள். ஒன்று, பெற்றோர் விரும்பித் தேடிப் போகும் மாண்டிசோரி, வால்டார்ஃப் போன்ற பள்ளிகள். மற்றது, பள்ளி வெளியே தள்ளிய பிள்ளைக்கும் பள்ளியில் ஒட்ட முடியாத பிள்ளைக்கும் செய்து தரும் ஏற்பாடு. இங்கிலாந்தில் ஒரு பிள்ளையைப் பள்ளி நிரந்தரமாக வெளியேற்றினால், ஆறாவது பள்ளி நாளிலிருந்து அதற்கு முழுநேரக் கல்வி கிடைக்கச் செய்வது உள்ளாட்சியின் கடமை. நம் ஊரில் அனைவருக்கும் கல்வி இயக்கக் காலத்தில் இந்த இரண்டாம் சரக்கு ‘ஆல்டர்நேட்டிவ்’ என்ற பெயரோடு வந்து இறங்கியது. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட ‘மாற்று’ அதன்மேல் ஒட்டப்பட்டது. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ‘சிறப்புப் பயிற்சி’ என்று தெளிவாகவே பேசுகிறது. சட்டம் கைவிட்ட சொல்லை மொழிபெயர்ப்பாளர்கள் கைவிடவில்லை.

‘மாற்று’ தமிழில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். மாறு என்பதன் பிறவினை மாற்று. அதுவே பெயராகவும் நிற்கும். ஒன்றை எடுத்துவிட்டு அதன் இடத்தில் இன்னொன்றை வைப்பது அதன் அடிப்படை. மாற்றுத்துணி என்றால் உடுத்ததைக் களைந்துவிட்டு உடுப்பது. குமரி மாவட்டத்தில் சடங்கு வீடுகளில் விரிக்கும் வெளுத்த துணிக்கும் ‘மாத்து’ என்றே பெயர். அழுக்குக்குப் பதிலாக வெளுப்பு. தங்கத்தின் தரத்துக்கும் மாற்று உண்டு, அது வேறு கணக்கு. ஆள்மேல் ஏறும்போது இந்தச் சொல் கசக்கிறது. "வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும்" என்ற 471-ஆம் குறளில் மாற்றான் என்பவன் பகைவன். மாற்றாந்தாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஏற்கெனவே வகுப்பின் கடைசி வரிசைக்குப் போய்விட்ட பிள்ளைக்கு ‘மாற்றுக் கல்வி’ என்றால், ஊர்க்காதில் அது மாற்றாந்தாய்க் கல்வியாகத்தான் விழும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. பள்ளிக்கூடத்துக்குள் ‘மாற்று’ என்ற சொல் ஏற்கெனவே ஒரு தாளுக்குச் சொந்தம். மாற்றுச் சான்றிதழ், அதாவது டி.சி. பையன் மாற்றுக் கல்வி மையத்துக்குப் போக வேண்டும் என்று தாயிடம் சொன்னால் வரும் முதல் கேள்வி, "அப்போ டி.சி. எழுதி வாங்கணுமா சாறே?" என்பதுதான். அவர் கேட்பதில் தப்பே இல்லை. சொல் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் சிறப்புப் பயிற்சியின் ஏற்பாடு முழுக்க இதற்கு எதிரானது. பிள்ளையின் பெயர் வழக்கமான பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருந்தாக வேண்டும். 11 வயதுப் பிள்ளை பள்ளிப் படியையே மிதிக்காதிருந்தாலும் ஆறாம் வகுப்பில்தான் சேர்க்கப்படும். வயதுக்கு ஏற்ற வகுப்பு என்பது சட்டத்தின் 4-ஆம் பிரிவு. விட்டுப்போன அடிப்படையைச் சிறப்புப் பயிற்சி ஈடுகட்டும். குறைந்தது மூன்று மாதம். தேவைப்பட்டால் நீட்டி, அதிகபட்சம் இரண்டு ஆண்டு. பயிற்சி நடக்கும் காலம் முழுவதும் அது அந்தப் பள்ளியின் பிள்ளைதான். எதையும் எடுத்துவிட்டு எதையும் வைக்கவில்லை.

டி.சி.யை வாங்கிவிட்டால் என்ன ஆகும்? எமிஸ் என்னும் கல்வித்துறையின் கணினிப் பதிவில் பிள்ளை பள்ளியின் பட்டியலைவிட்டுப் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். "பிள்ளை காமன் பூல்ல கெடக்கு" என்பார்கள். அடுத்த பள்ளி எமிஸ் எண்ணைப் போட்டு அங்கிருந்து எடுக்கும்வரை அந்தப் பிள்ளை எந்தப் பள்ளியிலும் இல்லை. பாடநூல் இல்லை, சீருடை இல்லை, சத்துணவுக் கணக்கில் தலை இல்லை. ஒரு சொல்லால் இத்தனையும் வரும். இன்னொன்றும் நடக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளி வெளியேற்றக் கூடாது என்பது 16-ஆம் பிரிவு. ஆகவே வெளியேற்ற விரும்பும் பள்ளிகள் "நீங்களே எழுதிக் குடுத்துட்டு வாங்கிட்டுப் போங்க" என்று பெற்றோர் கையாலேயே விண்ணப்பம் வாங்குவது உண்டு. அந்த நேரத்தில் ‘மாற்றுக் கல்வி’ என்ற சொல் அவர்களுக்கு நல்ல குடையாகிறது. வெளியே அனுப்பவில்லையாம், மாற்று ஏற்பாடு செய்கிறார்களாம்.

மூன்றாவது சிக்கல், மாற்றுத்திறனாளி. அரசு வழக்கில் இந்தச் சொல் நிலைத்தபின் பிள்ளைக்கு முன்னால் ‘மாற்று’ வந்தாலே பெற்றோர் அதைத்தான் நினைக்கிறார்கள். "எம் பிள்ளைக்கு அப்பிடி ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு மையத்துப் பக்கமே வரமாட்டார்கள். உண்மையிலேயே எழுத்துத் தடுமாற்றம் உள்ள பிள்ளைக்கு இது இரட்டை நட்டம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. சான்று இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். அந்தச் சோதனைக்குப் போக வேண்டிய பிள்ளை சொல்லைக் கேட்டே வெருண்டு ஓடுகிறது.

‘மாற்று மருத்துவம்’, ‘மாற்று எரிபொருள்’ என்றெல்லாம் சொல்லலாம், கல்விக்கு மட்டும் ஏன் கூடாது என்று கேட்பவர்கள் உண்டு. கூடும். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ‘மாற்று’ சரியான சொல். பெற்றோர் பணம் கட்டி, பாடத்திட்டம் பிடிக்கவில்லை என்று வேறு வகைப் பள்ளியில் சேர்த்தால் அது மாற்றுக் கல்விதான்; அந்தச் சொல்லை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கத்துச் செங்கல் சூளைக்கு மழை விட்டபின் குடும்பத்தோடு வந்து இறங்கும் பிள்ளை எதைத் தேர்ந்தெடுத்தது? பள்ளியாண்டு ஜூனில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. சூளைப் பருவம் நடு ஆண்டில் தொடங்குகிறது. சொந்த ஊர்ப் பதிவேட்டில் அது ‘வராத பிள்ளை’, இங்கே பதிவேட்டிலேயே இல்லாத பிள்ளை.

இந்தப் பொருளுக்கு ‘மறுவழிக் கல்வி’ என்பதே பொருத்தம். ‘மறு’ தமிழில் இரண்டு வேலை செய்யும். மறுகரை, மறுபக்கம் என்னும்போது ‘வேறு’. மறுபடி, மறுதேர்வு என்னும்போது ‘திரும்பவும்’. வேறு வழியாகத் திரும்பவும் வருவது என்பதுதான் இங்கே வேண்டிய பொருள். ஒரே அசையில் இரண்டும் கிடைக்கிறது. நாஞ்சில் நாட்டுக்காரருக்கு மறுகாலை விளக்க வேண்டியதில்லை. குளம் கொள்ளாத தண்ணீர் கரையை உடைக்காமல் மறுகால் வழியே இறங்கி அடுத்த குளத்துக்குப் போகும். அது கழிவு நீர் அல்ல. கீழ்வயல்காரன் அதை நம்பித்தான் நாற்றுப் பாவுகிறான்.

இதற்கும் ஆட்சேபம் உண்டு, அதை மறைக்க வேண்டாம். ‘மறு’ என்றால் கறை. 957-ஆம் குறளில் "மதிக்கண் மறுப்போல்" என்று வருவது நிலாவின் களங்கம். ‘மறு’ ஏவல் வினையானால் ‘கொடுக்காதே’ என்று பொருள். அதனால்தான் ‘மறுகல்வி’ என்று வைக்கக் கூடாது. ‘கல்வியை மறு’ என்று காதில் விழும். நடுவில் ‘வழி’ நிற்கும்போது அந்த ஐயம் போய்விடுகிறது. ‘மறுவாய்ப்புக் கல்வி’ என்றும் சிலர் சொல்லலாம். கேட்க இதமாக இருக்கும், ஆனால் முதல் வாய்ப்பு ஒழுங்காகக் கிடைத்தது என்று அது பொய் சொல்கிறது. ‘சீர்திருத்தக் கல்வி’ என்று எழுதுவது கொடுமை. குற்றம் செய்த சிறுவரை வைக்கும் இடத்தின் பழைய பெயரை, பெருக்கல் வாய்ப்பாடு வராத பிள்ளைமேல் போடுவது.

சரி, முதல் சொல்லுக்கு வருவோம். ‘இடைநிற்றல்’ தொழிற்பெயர், செயலின் பெயர். ‘இடைநிற்றல் விகிதம்’ என்றால் சரி. ‘இடைநிற்றல் மாணவர்’ என்பது ‘ஓடுதல் பையன்’, ‘சமைத்தல் பெண்’ என்பதைப் போல. ‘இடைநின்ற மாணவர்’ என்று எழுத எத்தனை எழுத்து கூட வேண்டும்? ஒன்றுகூட வேண்டாம், எண்ணிப் பார்க்கலாம். சொல்லின் உள்ளடக்கத்திலும் ஒரு கோணல் உண்டு. நின்றது பிள்ளை, பள்ளிக்குப் பங்கில்லை என்கிறது. விளவங்கோட்டுக்காரருக்குத் தெரிந்த மலையாளம் இதற்குக் ‘கொழிஞ்ஞுபோக்கு’ என்கிறது, இலை உதிர்வதைப் போல உதிர்தல். அதிலும் தள்ளியவர் பெயர் இல்லைதான். ஆனால் கிளையில் ஏதோ கோளாறு என்றாவது தோன்றும். ஊர்ப்பேச்சில் "படிப்பு நின்னுபோச்சு" என்பார்கள். நின்றது படிப்பு, பிள்ளை அல்ல. இந்த மூன்றிலும் அதுவே நேர்மையானது.

‘மைய நீரோட்டம்’ ஆங்கில ‘மெயின்ஸ்ட்ரீம்’ என்பதன் எலும்புக்கூடு. ஆற்றின் நடுவில்தான் இழுப்பு அதிகம் என்பது குழித்துறையில் குளிக்கிற சிறுவனுக்கும் தெரியும். நீந்தத் தெரியாதவனை அங்கே கொண்டு விடுவதை யாரும் நலத்திட்டம் என்று சொல்லமாட்டார்கள். ‘வழக்கமான வகுப்பில் சேர்த்தல்’ என்றால் போதும். ஆனால் நடப்பது என்னவோ நடு ஆற்றில் விடுவதுதான், அந்த மட்டில் மொழிபெயர்ப்பு சரி. ஆறாம் வகுப்பில் உட்காரவைத்து, ஆறாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் கொடுத்து, பலகையைப் பார்த்து எழுதச் சொல்கிறார்கள். பிள்ளை படம் வரைவதைப் போல எழுத்தை வரைந்து நோட்டை நிரப்பும். பத்துப் பதினைந்து நாளில் வராமல் போகும்.

செய்ய வேண்டியது அதுவல்ல. வகுப்பையும் வயதையும் ஒதுக்கிவிட்டு, எழுத்து, சொல், பத்தி, கதை என்று எந்தப் படிவரை வாசிக்கிறது என்று ஒவ்வொரு பிள்ளையாகப் பார்க்க வேண்டும்; ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம் போதும். ஒரே படியில் இருப்பவர்களை ஒரு குழுவாக்க வேண்டும். 247 எழுத்தையும் அகர வரிசையில் தொடங்கினால் ஔகாரம் வருவதற்குள் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள்; ட, ப, ம என்று எளிய வடிவங்களில் தொடங்கினால் முதல் வாரமே ‘படம்’ வாசிக்கலாம். தடுக்கும் இடங்களும் தெரிந்தவையே. ‘கொ’ என்ற ஒலிக்குக் கொம்பு முன்னால், துணைக்கால் பின்னால்; இடமிருந்து வலமாகக் கூட்டும் பிள்ளை ‘கெ’ என்று படித்துவிட்டு மிச்சக் காலை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும். ஒற்றைக்கொம்பு எழுத்துகள் நன்றாகப் பழகுமுன் ‘கொ’வைக் காட்டுவதால் வரும் தடங்கல் இது.

கடற்கரையில் கணக்கு இன்னும் நுட்பமானது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுத் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். பள்ளி திறப்பதும் ஜூனில்தான். படகுக்குப் போய்விட்ட பையனைக் கரையில் பிடித்துச் சேர்க்க அதைவிட்டால் நாள் இல்லை. ஆனால் பயிற்சி குறைந்தது மூன்று மாதம். படகோ ஆகஸ்டில் இறங்கிவிடும். ஒரு மாதம் இடிக்கிறது. அந்த ஒரு மாதத்துக்கு வீட்டில் பேசிவைக்காத மையத்தில் ஆகஸ்ட் முதல் வாரம் பாய் காலியாகத்தான் கிடக்கும்.

பதினான்கு தாண்டியவருக்கு மறுவழி இன்னும் அகலம். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது ஆனவர் பத்தாம் நிலைக்குப் பதியலாம். ஐந்து பாடம், ஐந்து ஆண்டு, ஒன்பது தேர்வு வாய்ப்பு. தேறிய பாடம் தேறியதாகவே இருக்கும். இதைத் ‘திறந்தவெளிப் பள்ளி’ என்று எழுதுபவர்களை என்ன செய்ய? திறந்தவெளி என்றால் கூரையில்லாத இடம். சிறைத்துறையிடம் திறந்தவெளிச் சிறை இருக்கிறது, சினிமாக்காரர்களிடம் திறந்தவெளி அரங்கு இருக்கிறது. பள்ளிக்கு நிலைதான் திறந்தது. பத்தில் தோற்றவர்களுக்கு ஊரே வைத்திருந்த மறுவழி ‘டுட்டோரியல்’. அதைத் தனிப்பயிற்சிக் கல்லூரி என்று தமிழாக்கினார்கள். பலகையில் இருந்தது, வாயில் ஏறவில்லை.

ஆகவே, மறுவழிக் கல்வி என்பதைப் பொதுப்பெயராக, கட்டுரையிலும் அறிக்கையிலும் வைத்துக்கொள்ளலாம். வாசல் பலகையில் அதுவும் வேண்டாம். அங்கே எழுத வேண்டியது இவ்வளவுதான்: "சிறப்புப் பயிற்சி வகுப்பு. பெயர் பள்ளியிலேயே இருக்கும். டி.சி. வாங்க வேண்டாம்." டி.சி. என்றே இருக்கட்டும். தமிழ்ப்பற்றில் யாராவது அதை மாற்றுச் சான்றிதழ் என்று திருத்தினால், வாசிக்கிறவர் திரும்பவும் முதல் கேள்வியிலேயே வந்து நிற்பார்.