ஆஸ்துமா இல்லை, அஸ்டிக்மாட்டிசம்

சீட்டில் இருக்கும் அஸ்டிக்மாட்டிசத்தை ஆஸ்துமா என்று நினைத்துப் பயந்து, இந்த மாதத்தில் என்னிடம் கண் காட்ட வந்த மூன்றாவது ஆள். பிளஸ் டூ படிக்கிற மகளைக் களியக்காவிளையிலிருந்து கூட்டிவந்த அம்மா, ஆறு மாதம் முன்னால் வேறொரு இடத்தில் எழுதிக்கொடுத்த சீட்டை நீட்டி, "கண்ணுக்கும் ஆஸ்துமா வருமா சாரே? பவர் வேற 180ன்னு போட்டிருக்கு" என்றார், கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. கண்ணாடி வாங்கவில்லை. பாறசாலை மாமி சொன்னாராம், ஆறு மாதமாகக் கண்ணில் சிறுதேன் விட்டிருக்கிறார்கள்.

சீட்டில் இருந்தது மைனஸ் 0.75 சிலிண்டர், அதாவது ஒரு வாட்டத்தில் மட்டும் பவர் தரும் கண்ணாடி, ஆக்ஸிஸ் 180. பவர் முக்கால்தான், அம்மா! அந்த 180 வெறும் திசை. சிலிண்டரை எந்த வாட்டத்தில் பொருத்துவது என்று கண்ணாடி தேய்க்கிறவருக்குச் சொல்லும் கோணம். படுக்கை வாட்டம் 180, நெட்டுக்குத்து 90. 20 என்றால் கொஞ்சம், 170 என்றால் ரொம்ப என்றெல்லாம் கிடையாது. போன தடவை 180, இந்தத் தடவை 5 என்றால் குறைந்துவிட்டது என்று சந்தோஷப்படவும் வேண்டாம், 180ம் பூஜ்யமும் ஒரே படுக்கை வாட்டம்தான், அதிலிருந்து ஐந்து டிகிரி திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான். கேஸ் சிலிண்டரை நினைத்துக்கொள்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, அஸ்டிக்மாட்டிசம் என்ற பெயருக்கு வருவோம். கிரேக்கத்தில் ஸ்டிக்மா என்றால் குத்திய புள்ளி, அடையாளம். முன்னால் நிற்கும் 'அ', நம் அநியாயத்தில் வருகிற அதே 'இல்லை'. ஒளி ஒரு புள்ளியில் குவியாமல் கோடாக இழுபடுகிறது. பின்னாளில் இங்கிலாந்தின் அரச வானியலாளரான ஜார்ஜ் ஏரி, தன் இடக்கண்ணில் இருந்த இந்தக் குறையை 1825இல் விவரித்து, அதற்கென்று சிலிண்டர் கண்ணாடியும் செய்துகொண்டார். பெயர் வைத்தவர் வில்லியம் ஹியூவெல், 'சயின்டிஸ்ட்' என்ற சொல்லும் அவர் உண்டாக்கியதுதான். ஆஸ்துமா வேறு கிரேக்கச் சொல், மூச்சிரைப்பு என்று பொருள். ஸ்டிக்மாவுக்குக் களங்கம் என்றும் ஓர் அர்த்தம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, அதற்காகப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் கண்ணாடியைக் கழற்றி ஒளித்து வைக்காதீர்கள்.

விடியுமுன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் வெட்டப் போகிறவர்கள், ராத்திரி வண்டி ஓட்டுகிறவர்கள், வெளிச்சம் கோடு கோடாகச் சிதறினால் ஒரு தடவை வந்து காட்டுங்கள். தேன் தோசைக்கு. அப்புறம், தயவுசெய்து பிள்ளைகளைக் கண்ணைக் கசக்க விடாதீர்கள். பதின்வயதில் சிலிண்டர் வருடா வருடம் ஏறினால், கருவிழி கூம்பு மாதிரி துருத்துகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும், கண்ணாடி மாற்றுவதோடு விடக்கூடாது. ஏறுகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டுமானால் பழைய சீட்டு வேண்டும். கிழித்துப் போடாமல் கையோடு கொண்டுவாருங்கள்.