அம்மாவை ஒரு நாள் இளமையாக்கிய மென்பொருள்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கும் தங்கச்சி ஒருவர் போன வாரம் கேட்டிருந்தார்: "அண்ணா, செக்ரோல்ல (வரவு, சம்பளப் பதிவேடு) உள்ள ஆக்களை எல்லாம் புது எச்.ஆர். (ஆளணி நிர்வாக) மென்பொருளுக்கு ஏத்துறோம். அடையாள அட்டை நம்பரை அடிச்சா பிறந்த திகதி தானா வருது. எங்க அம்மா பிறந்தது 1985 மார்ச் 15. அது மார்ச் 16ன்னு காட்டுது. ஜனவரியில பிறந்தவங்களுக்கு மட்டும் சரியா வருது. ஏன்?"

பாதி விடை அந்த ஜனவரியிலேயே இருக்கிறது. அதற்கு முன் இந்த மென்பொருள் ஓர் ஆளை எப்படிப் பார்க்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

செக்ரோலில் ஆளும் வேலையும் ஒரே வரியில் கிடக்கும். மென்பொருள் இரண்டையும் பிரித்து வைக்கும். ஊழியர் விபரத்தில் பெயர், பிறந்த திகதி, அடையாள அட்டை எண், ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) எண், வங்கிக் கணக்கு. வேலை விபரத்தில் ஆளே கிடையாது: கொழுந்து பறித்தல், நாட்சம்பளம், எந்த டிவிஷன், யாருக்குக் கீழே, அவ்வளவுதான். இரண்டையும் இணைப்பது 'இன்ன நாள் முதல், இன்ன நாள் வரை' என்று திகதி போட்ட ஒரு வரி. கொழுந்து பறித்தவர் பிள்ளைமடுவத்துக்கு (தோட்டத்துக் குழந்தைப் பராமரிப்பு நிலையத்துக்கு) மாறினால் பழைய வரியை முடித்துவிட்டுப் புது வரி சேர்க்க வேண்டும். பழையதை அழித்து அதன் மேலேயே எழுதக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்றால், 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, வேலையை விட்டுப் போகும்போது நாட்சம்பளக்காரருக்கு வேலை செய்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் உண்டு. சேர்ந்த திகதி போனால் வருடமும் போச்சு, காசும் போச்சு. என் சித்தப்பா ஒருவர் டிவிஷன் மாறியபோது மாறிய நாளையே சேர்ந்த நாளாக யாரோ அடித்துவிட்டார்கள். டிரங்குப் பெட்டியில் சித்தி பத்திரமாக வைத்திருந்த பழைய சம்பளத் துண்டுகள்தான் அவரைக் காப்பாற்றின.

சரி, ஆளை எப்படி அடையாளம் காண்பது? தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளமும்தான். முழுப்பேர், அரைப்பேர் என்று சண்டை போடாத மாதம் உண்டா? கணினிக்கோ ஆளின் பேர்தான் சண்டை. ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மூன்று லெட்சுமி இருப்பார்கள். ஒரே லெட்சுமி பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் ஈ.பி.எஃப். அட்டையில் இன்னொரு மாதிரியும் இருப்பார். அதனால்தான் எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

நம் அடையாள அட்டை எண் சும்மா வரிசை எண் இல்லை. பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500ஐக் கூட்டிவிடுவார்கள். 2016இல் வந்த 12 இலக்க எண்ணிலும் இதே கதைதான். வருடம் மட்டும் நான்கு இலக்கமாக முழுசாக வரும்.

இனி அம்மாவின் எண்ணைப் பிரிப்போம். 85575 என்று தொடங்கும். 85 வருடம். 575இல் 500ஐக் கழித்தால் 75. பெண், 75ஆவது நாள். விரல் விட்டு எண்ணுங்கள்: ஜனவரிக்கு 31, பெப்ரவரிக்கு 28, ஆக 59. இன்னும் 16 வேண்டும். மார்ச் 16! மென்பொருள் சொன்னது அதைத்தான்.

ஆனால் அடையாள அட்டைக் கணக்கில் பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள். லீப் வருடமோ இல்லையோ, 29தான். 31ம் 29ம் 60, மிச்சம் 15. மார்ச் 15.

முதலில் பார்த்தபோது எனக்கும் இது பிழை போலத்தான் பட்டது. யோசிக்க யோசிக்கப் பிடித்துப் போனது. இந்த முறையில் மார்ச் 15 எந்த வருடத்திலும் 75தான், டிசம்பர் 31 எந்த வருடத்திலும் 366தான். சுவரில் ஒரே ஓர் அட்டவணையை ஒட்டி வைத்தால் போதும், லீப் வருடமா என்று பார்க்கவே தேவையில்லை. பிழை பிடிக்கும் வசதியும் இலவசமாகக் கிடைக்கிறது. 60 என்பது பெப்ரவரி 29. ஆகவே 85060 என்றோ 85560 என்றோ ஓர் எண் வந்தால் அடித்தவர் எங்கோ தவறிவிட்டார், ஏனென்றால் 1985இல் அப்படி ஒரு நாளே இல்லை. 367 முதல் 500 வரை எந்த எண் வந்தாலும் அதே கதி.

உங்கள் மென்பொருளை எழுதியவர் கணினி மொழியில் ஆயத்தமாகக் கிடக்கும் நாட்காட்டிக் கணக்கை எடுத்துப் போட்டிருக்கிறார். அது உண்மையான நாட்களை எண்ணும். அதனால் ஜனவரி, பெப்ரவரிக்காரர்கள் தப்பினார்கள். 1984, 1988 போன்ற லீப் வருடத்தில் பிறந்தவர்களும் தப்பினார்கள். மற்ற எல்லோரும் ஒரு நாள் இளையவர்கள். 1985 டிசம்பர் 31இல் பிறந்தவர் 1986க்கே போய்விடுவார்! ஒரு நாள்தானே என்று விட முடியாது. ஈ.பி.எஃப். எடுக்கப் போகும்போது ஆவணத்துக்கு ஆவணம் திகதி மாறினால் அலைச்சல் யாருக்கு?

பெயர் விஷயத்தில் ஒரு புலம்பல் மிச்சம் இருக்கிறது. ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்களுக்கு ஒரே குறியைக் கொடுத்துத் தேடும் சவுண்டெக்ஸ் என்ற முறைக்கு 1918இலேயே அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. இன்றும் பல மென்பொருட்களுக்குள் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'லக்ஷ்மி' என்று எழுதினால் அது எல்-250 என்று குறியிடும். நம் தோட்டத்து வழக்கப்படி நடுவில் ஒரு 'டி'யும் 'சி'யும் போட்டு 'லெட்சுமி' என்று எழுதினால் எல்-325. அதன் கணக்கில் இருவரும் வேறு ஆட்கள். மலையகப் பெயர்களுக்கென்று ஒரு தேடல் முறையை நம் பல்கலைக்கழகப் பிள்ளைகளே செய்து முடிப்பார்கள். அதற்கு ஒதுக்கக் காசில்லை என்பார்கள். ராகு காலம் கழியட்டும் என்று தரவேற்றத்தை ஒன்றரை மணிநேரம் நிறுத்தி வைக்க மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது.

தங்கச்சி, மென்பொருள்காரருக்கு ஒரே வரி எழுதுங்கள்: லீப் இல்லாத வருடத்தில் நாள் எண் 60ஐத் தாண்டினால் ஒன்றைக் கழிக்கச் சொல்லி. அவர் திருத்தித் தந்த பிறகு ஏற்கனவே சேமித்த விபரங்களையும் மறுபடி ஓட்டச் சொல்லுங்கள், அவை தாமாக மாறாது. ஆனால் அம்மாவின் திகதியை இப்போதே கையால் திருத்தியிருந்தால் அதைச் சொல்லி வையுங்கள். எண்ணிலிருந்து மறுபடி கணக்கிடாமல், சேமித்த திகதியில் மட்டும் ஒன்றைக் கழித்துத் திருத்துகிற மென்பொருள்காரர்களும் உண்டு. அப்படிச் செய்தால் அம்மா மார்ச் 14க்குப் போய் நிற்பார்.