மோதிரக் கல் ஏன் பச்சையானது?

திருநெல்வேலி டவுனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா அல்வா கிண்டுகிறவர். ராசிக்கு நல்லது என்று யாரோ சொல்ல, வான நீலத்தில் ஒரு டர்க்காய்ஸ் கல்லை வெள்ளி மோதிரத்தில் பதித்துப் போட்டிருக்கிறார். வருஷம் திரும்புவதற்குள் கல் பச்சையாகிவிட்டது. "அப்பாக்கு வரவேண்டிய கண்டத்தைக் கல்லு வாங்கிக்கிட்டுன்னு கடைக்காரர் சொல்லுதார். நெசமா இருக்குமா சார்?"

பிரோசா என்றும் அழைக்கப்படும் இந்தக் கல் நவரத்தினங்களில் சேராதது. செம்பும் அலுமினியமும் கலந்த, நீர் மூலக்கூறுகள் கொண்ட பாஸ்பேட் கனிமம். வறண்ட நிலங்களில், செம்புத் தாது உள்ள பாறைக்குள் மழைநீர் கசிந்து இறங்கி, விரிசல்களில் படிந்து உருவாகிறது. ஈரானின் நிஷாபூரும் எகிப்தின் சினாயும் இதற்குப் பேர்போன பழஞ்சுரங்கங்கள்.

நீல நிறம் செம்பின் வேலை. படிகத்துக்குள் ஒவ்வொரு செம்பு அயனியையும் நான்கு ஹைட்ராக்சில்களும் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் இணைந்த ஜோடிகள்) இரண்டு நீர் மூலக்கூறுகளும் சூழ்ந்திருக்கின்றன. இந்த ஆறும் சேர்ந்து செம்பின் எலெக்ட்ரான்களுடைய ஆற்றல் மட்டங்களைப் பிரித்துவைக்கின்றன. அந்த இடைவெளிக்குச் சரியாகப் பொருந்துவது சிவப்பு ஒளி. அதைக் கல் விழுங்கிவிடுகிறது. நீலம் நம் கண்ணுக்குத் திரும்புகிறது. பள்ளியில் மயில்துத்தத்தை, அதாவது செம்பு சேர்ந்த காப்பர் சல்பேட்டைச் சூடாக்கியது நினைவிருக்கும். நீர் போனதும் வெள்ளைத் தூள், ஒரு சொட்டு நீர் விட்டதும் மறுபடி நீலம். செம்பு மாறவில்லை, சுற்றி இருந்தவை மாறின. டர்க்காய்ஸில் அலுமினியத்தின் இடத்தில் இரும்பு ஏறினால் கல் பிறப்பிலேயே பச்சை.

ஆனால் இந்த மோதிரக் கல் பிறகுதானே மாறியது? இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி வருகிறது. டர்க்காய்ஸ், வைரம் போல ஒரே படிகம் அல்ல. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்படிகங்களின் நெருக்கம். அவற்றுக்கிடையே நுண்துளைகள், துளைகளில் காற்று. காற்றுக்கும் கனிமத்துக்கும் ஒளிவிலகல் எண் (ஒளியை வளைக்கும் அளவு) வெகுவாக வேறுபடுவதால், ஒவ்வொரு எல்லையிலும் ஒளி சிதறுகிறது. கல்லின் வெளிர் நீலத்தில் பாதி அழகு அந்தச் சிதறல்தான். துளைகளில் எண்ணெய் புகுந்தால் அந்த வேறுபாடு குறைகிறது, சிதறல் அடங்குகிறது, நனைந்த வேட்டி போல நிறம் கருக்கிறது. புகுந்த எண்ணெய் நாளடைவில் மஞ்சளிக்கவும் செய்யும். நீலத்தோடு மஞ்சள் சேர்ந்தால் பச்சை. அந்தப் பெரியவரின் கை நாள் முழுக்க நெய்யிலும் அடுப்புச் சூட்டிலும் கிடக்கிறது!

இந்தக் கல் நிறம் மாறி ஆபத்தை உணர்த்தும் என்ற நம்பிக்கை மிகப் பழையது. குதிரையிலிருந்து விழுவோரைக் காக்கும் என்று பாரசீகத்திலும் ஐரோப்பாவிலும் நம்பினார்கள். புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் மருத்துவரான ஆன்செல்மஸ் டி பூட், தம்முடைய டர்க்காய்ஸ் நிறம் மாறிய கதையை 1609இல் எழுதியிருக்கிறார். இவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. கல் மெய்யாகவே மாறும். காய்ச்சல்காரரின் வியர்வையும் தடவிய தைலமும் கல்லுக்குள் போகத்தானே செய்யும்? கவனித்தது சரி, காரணம்தான் தவறு. அந்த மரபை நான் மதிக்கிறேன். கண்டம் என்று பயம் காட்டி அடுத்த கல்லை விற்பவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

சந்தையில் மலிவாகக் கிடைப்பவற்றில் பல, ஹவ்லைட், மாக்னசைட் என்ற வெள்ளைக் கனிமங்களுக்குச் சாயமேற்றியவைதான். சர் சி. வி. ராமன் 1928இல் கண்ட ஒளிச்சிதறல் விளைவை வைத்து இயங்கும் நிறமாலைமானி, கல்லைக் கீறாமலே சில நிமிடங்களில் உண்மையைச் சொல்லிவிடும். கொக்கிரகுளம் அறிவியல் மையத்தில் அப்படி ஒரு கருவியை வைத்து, மக்கள் தங்கள் மோதிரத்தைக் கொண்டுவந்து சோதிக்க அரசு பணம் ஒதுக்கவேண்டும். மூடநம்பிக்கைக்கு எதிரான நூறு கூட்டங்களைவிட அது பயன்படும்.

அதுவரை, பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தொட்டு, கல்லின் ஓரத்தில் மெல்லத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு நீலமானால் சாயம். ஆகாவிட்டாலும் அசல் என்று உறுதியாகிவிடாது. அசல் என்றால் பழைய நிறம் முழுதாகத் திரும்புவது அரிது. சோப்பு வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். அப்பாவை அல்வா கிண்டும்போது மோதிரத்தைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.