சாம்பியன்ஷிப்: கல்லூரி கோல்ஃபில் ஒரு சொல்லின் கதை

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் ஆடவர் கோல்ஃப் போட்டியைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், முதல் வரியிலேயே சாம்பியன்ஷிப் என்ற சொல் வந்து நிற்கும். அப்படியே விட்டுவிடலாம், எல்லோருக்கும் புரியும். ஆனால் அந்தப் போட்டியின் வரலாற்றைக் கொஞ்சம் படித்த பிறகு எனக்கு அந்தச் சொல்லை அப்படியே கடந்து போக மனம் வரவில்லை. ஒரே பட்டத்துக்குள் இரண்டு வேறு பொருள்கள் குடியிருக்கின்றன, அதில் பழைய பொருள் பல பத்தாண்டு மறைந்திருந்து 2009ல் திரும்பி வந்திருக்கிறது.

முதலில் வேரைப் பார்ப்போம். இலத்தீனில் காம்பஸ் என்றால் வெட்டவெளி, களம். அதிலிருந்து காம்பியோ, அதாவது களத்தில் இறங்கிச் சண்டையிடுபவன். பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது சாம்பியன் ஆனது. அன்றைக்கு அந்தச் சொல்லுக்கு ஜெயித்தவன் என்று பொருள் கிடையாது. இடைக்கால ஐரோப்பாவில் சில வழக்குகளை ஆயுதச் சண்டை வைத்தே தீர்ப்பார்கள். வழக்காடுபவர் பெண்ணாகவோ முதியவராகவோ மதகுருவாகவோ இருந்தால் தன் சார்பில் ஒருவனைக் களத்தில் நிறுத்தலாம், அந்த ஆள்தான் சாம்பியன். அவன் விழுந்தால் வழக்கும் விழுந்தது. எல்லோரையும் வென்றவன் என்ற பொருள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. கடைசியில் உள்ள ஷிப், ஒரு நிலையைக் குறிக்கும் பழைய ஆங்கில விகுதி, கப்பலோடு அதற்குச் சம்பந்தமில்லை.

கல்லூரி வளாகத்தைக் கேம்பஸ் என்கிறோமே, அதுவும் இதே வேர்தான். கல்லூரித் திடலுக்கு அந்தப் பெயர் 18ஆம் நூற்றாண்டில் முதலில் வழங்கியது பிரின்ஸ்டனில். ஆக கேம்பஸ் சாம்பியன் என்று சொல்லும்போது ஒரே களத்தை இரண்டு முறை சொல்கிறோம்! முதல் கல்லூரி கோல்ஃப் போட்டி 1897ல் நியூயார்க் மாநிலத்தில், ஹட்சன் ஆற்றை ஒட்டிய ஆர்ட்ஸ்லியில் நடந்தபோது தனிநபர் பட்டத்தை வாங்கிய லூயிஸ் பேயார்டும் பிரின்ஸ்டன் மாணவர்தான். அணிப் பட்டம் யேலுக்குப் போனது.

யேல் மொத்தம் 21 முறை அணிப் பட்டம் வென்றிருக்கிறது, கடைசியாக 1943ல். இன்றுவரை அந்த எண்ணிக்கையை யாரும் தொடவில்லை. ஆரம்ப காலத்தில் யேல், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் என்று கிழக்குக் கரைப் பணக்காரக் கல்லூரிகளுக்குள்தான் பட்டம் சுற்றிச் சுற்றி வந்தது. 1939ல் என்சிஏஏ, அதாவது தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம், போட்டியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டுப் பட்டம் மேற்குக் கரையில் உள்ள ஸ்டான்ஃபோர்டுக்குப் போனது. அப்புறம் வந்தது ஹூஸ்டன் காலம். டேவ் வில்லியம்ஸ் என்ற பயிற்சியாளர் 1956லிருந்து 1985க்குள் 16 பட்டங்களை வாங்கிக்கொடுத்தார், அதில் முதல் ஐந்தும் வரிசையாக, 1956 முதல் 1960 வரை.

அந்தக் காலத்தில் அணிப் பட்டம் என்றால் அடிக்கணக்கு. கோல்ஃபில் இதற்கு ஸ்ட்ரோக் ப்ளே என்று பெயர்: எத்தனை அடியில் பந்தை எல்லாக் குழியிலும் போட்டாய் என்று எண்ணுவார்கள், குறைவான அடி எடுத்தவர் மேலே. இப்போதைய முறையில் ஒரு அணியில் ஐந்து பேர் ஆடுவார்கள், அன்றன்றைக்குச் சிறந்த நான்கு பேரின் கணக்கு மட்டும் சேரும், ஐந்தாவது ஆளின் கணக்கை விட்டுவிடுவார்கள். இது ரொம்ப நியாயமான முறை, யார் உண்மையில் நன்றாக ஆடினார்கள் என்று தெளிவாகக் காட்டும். 1995ல் ஓக்லஹோமா ஸ்டேட்டும், டைகர் வுட்ஸ் ஆடிய ஸ்டான்ஃபோர்டும் ஒரே கணக்கில் நின்றதால், அணிப் பட்டத்தை முதல்முறையாகக் கூடுதல் குழி ஆட வைத்துத் தீர்த்தார்கள். வென்றது ஓக்லஹோமா ஸ்டேட். ஆனாலும் அடிக்கணக்கில் ஒருவர் எதிரில் இன்னொருவர் நிற்பதில்லை. ஒவ்வொருவரும் மைதானத்தோடு மோதுகிறார்கள், கணக்கைப் பிறகு ஒப்பிடுகிறார்கள். சாம்பியன் என்ற சொல்லின் பழைய உயிர் அங்கே இல்லை.

2009ல் விதி மாறியது. அடிக்கணக்கு முதல் கட்டத்துக்கு மட்டும். அதில் முன்னணியில் வரும் எட்டு அணிகள் மேட்ச் ப்ளேக்குப் போகும். அணிக்கு ஐந்து பேர், ஆளுக்கு ஒரு எதிராளி, குழி குழியாக யார் முந்துகிறார் என்று பார்ப்பார்கள், மூன்று ஆட்டம் வென்ற அணிக்கு வெற்றி. நான் இதை நேர்மோதல் என்று எழுதுகிறேன். அந்த முதல் ஆண்டிலேயே அடிக்கணக்கில் முதலிடத்தில் வந்த ஓக்லஹோமா ஸ்டேட் கால் இறுதியில் ஜார்ஜியாவிடம் தோற்று வெளியேறியது, இது என்ன அநியாயம் என்று தோன்றத்தான் செய்யும்.

அதே ஆண்டின் இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். ஒஹாயோ மாநிலம் டொலிடோவில் இன்வெர்னஸ் மைதானம், டெக்சஸ் ஏ அண்ட் எம் அணிக்கும் ஆர்கன்சாவுக்கும் போட்டி. இரண்டு அணியும் இரண்டிரண்டு ஆட்டம் வென்றாகிவிட்டது. மிச்சம் இருப்பது ஒரே ஆட்டம், பிரான்சன் பர்கூன் எதிர் ஆண்ட்ரூ லாண்ட்ரி. பர்கூன் நல்ல முன்னிலையில் இருந்து அதையெல்லாம் கோட்டைவிட்டு, சமநிலையில் கடைசிக் குழிக்கு வந்து நிற்கிறார். பந்து போய் விழுந்தது அடர்ந்த புல்லுக்குள். அங்கிருந்து வெட்ஜ் மட்டையால் தூக்கி அடித்த பந்து குழிக்குச் சில அங்குலத்தில் போய் நின்றது. பட்டம் டெக்சஸ் ஏ அண்ட் எம்முக்கு. மற்ற நான்கு பேர் ஆடி முடித்துவிட்டு எல்லையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஐந்தாவது ஆள் மொத்தக் கல்லூரியின் வழக்கையும் தோளில் சுமந்து நின்ற அந்த நேரத்தில் பர்கூன் அசல் பொருளில் சாம்பியன்.

இந்த முறையில்தான் அகஸ்டா ஸ்டேட் என்ற சின்னக் கல்லூரி 2010, 2011 இரண்டு ஆண்டும் பட்டம் வாங்கியது. மற்ற விளையாட்டுகளில் இரண்டாம் பிரிவில் ஆடிய கல்லூரி அது. 2012 இறுதியில் டெக்சஸின் ஜோர்டன் ஸ்பீத்தும் அலபாமாவின் ஜஸ்டின் தாமஸும் நேருக்கு நேர் நின்றார்கள், பின்னாளில் பெரிய தொழில்முறை ஆட்டக்காரர்களான இருவருமே அப்போது முதலாண்டு மாணவர்கள். 15ஆவது குழியில் ஸ்பீத் தூரத்திலிருந்து அடித்த பந்து நேராகக் குழிக்குள் போனது, டெக்சஸ் வென்றது.

சரி, தமிழில் என்ன சொல்வது? வாகை. செய்தித்தாள் தலைப்புகளில் இன்றும் வாகை சூடினார் என்று வருகிறதே, அந்த வாகைதான். சாலையோரம் நிற்கும் மரம், இளம்பச்சை கலந்த வெண்மையில் நூல் நூலாகப் பூக்கும், நெற்று காய்ந்துவிட்டால் காற்றில் கலகலவென்று சத்தம் போடும். வென்ற மன்னன் அந்தப் பூவைச் சூடினான் என்பது பலருக்கும் தெரியும். தொல்காப்பியம் வாகைக்குத் தரும் இலக்கணம் அதைவிட விரிவானது: அவரவர் தத்தம் துறையில் மற்றவர்களைவிட மேம்பட்டு நிற்பது. அரசருக்கு மட்டும் உரியதாக வைக்காமல், முக்காலமும் உணர்ந்த அறிவர், தவம் செய்யும் தாபதர், பொருநர் என்று பலரையும் அதில் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தப் பொருநர் என்ற சொல்லைக் கவனியுங்கள். பொருதல் என்றால் மோதுதல். பொருநர், எதிரில் நின்று மோதுபவர். காம்பியோவுக்கு இவ்வளவு நெருக்கமான சொல் நம்மிடமே இருக்கிறது. அதனால் என் கணக்கு இப்படி: அடிக்கணக்கில் மேம்பட்டு நிற்பதும் வாகை, நேர்மோதலில் வெல்வதும் வாகை, அணிக்காக எதிராளி முன் போய் நிற்கும் ஒவ்வொரு ஆட்டக்காரரும் பொருநர். ஆங்கிலச் சொல் போட்டிக்கும் பட்டத்துக்கும் ஒன்றாகவே வந்து குழப்பும். தமிழில் போட்டியை வாகைப் போட்டி என்றும், கிடைக்கும் பட்டத்தை வாகைப் பட்டம் என்றும் பிரித்துவிடலாம். சாம்பியன் என்பதற்கு வாகையர், வாகையாளர் இரண்டும் புழக்கத்தில் உள்ளன, எனக்குப் பிடித்தது வாகையர், வாயில் சுலபமாக வருகிறது. கோல்ஃபுக்குக் குழிப்பந்தாட்டம் என்ற பெயர் இருக்கிறது, நல்ல பெயர்தான், ஆனால் ஆட்டத்தின் பெயரையும் பட்டத்தின் பெயரையும் ஒரே வாக்கியத்தில் புதிதாக வைத்தால் படிப்பவர் திணறுவார், அதனால் நான் கோல்ஃபை அப்படியே விட்டிருக்கிறேன்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால்: 2025ல் ஓக்லஹோமா ஸ்டேட் இறுதி நேர்மோதலில் வர்ஜீனியாவை 4-1 என வென்று, கல்லூரி ஆடவர் கோல்ஃபில் பன்னிரண்டாவது முறையாக அணி வாகை சூடியது.