பெட்ரோல் டேங்க் கசிகிறதோ என்று தோன்றினாலே 24 மணி நேரம்தான்: அமெரிக்க விதி

அமெரிக்காவில் பெட்ரோல் பங்க் நடத்துபவர்கள் பலரும் தப்பாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. தரைக்கடியில் இருக்கும் டேங்க் கசிகிறது என்று நிரூபணம் ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று காத்திருக்க முடியாது. சந்தேகம் வந்தாலே 24 மணி நேரத்துக்குள் உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் அது மாநில அரசின் சுற்றுச்சூழல் துறை. 1984இல் வந்த சட்டத் திருத்தத்தை வைத்து, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1988இல் இந்த விதிகளைக் கொண்டுவந்தது, 2015இல் திருத்தியது. மாநிலங்கள் இதைவிடக் கடுமையாக வைத்துக்கொள்ளலாம், தளர்த்த முடியாது.

சரி, எது சந்தேகம்? பக்கத்துக் கட்டடத்தின் அடித்தளத்தில் பெட்ரோல் வாடை, சாக்கடையில் எண்ணெய்ப் படலம், பம்ப் திடீரென்று தாறுமாறாக ஓடுவது, டேங்க்குக்குள் எங்கிருந்தோ வந்த தண்ணீர். கணக்கு உதைப்பதும் சந்தேகம்தான். இருப்புக் கணக்கை வைத்துக் கண்காணிக்கும் இடங்களில், மாத விற்பனையில் 1 சதவீதத்தோடு 130 கேலன் சேர்த்த அளவைத் தாண்டி வித்தியாசம் வந்தால் கவனிக்க வேண்டும். அடுத்த மாதக் கணக்கில் அது சரியாகிவிட்டால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்கத் தேவையில்லை.

அடுத்த 7 நாட்களுக்குள் டேங்க் வைத்திருப்பவரே விசாரணை நடத்த வேண்டும். முதலில் டேங்க்கும் குழாய்களும் கசிவுச் சோதனையில் தேறுகின்றனவா என்று பார்க்க வேண்டும். தேறிவிட்டாலும், மண்ணிலோ நீரிலோ எண்ணெய் இருப்பதால்தான் சந்தேகமே வந்தது என்றால் அதோடு விட முடியாது. இடத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டும். எங்கே தோண்டுவது? எண்ணெய் இருக்க அதிக வாய்ப்புள்ள இடத்தில் மாதிரி எடு என்கிறது விதி. என்னைக் கேட்டால் மொத்த விதியின் உயிரே இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது. கசியும் பெட்ரோல் முதலில் டேங்க்கைச் சுற்றி நிரப்பிய மணலில் இறங்கும். நீர்மட்டத்தைத் தொட்டதும், தண்ணீரைவிட லேசானது என்பதால் மேலே மிதந்து பரவும். அதிலுள்ள பென்சீன் போன்ற நச்சு வேதிப்பொருள்கள் நீரில் கரைந்து, நிலத்தடி நீர் ஓடும் திசையிலேயே போகும். எதிர்த் திசையில் நாலு துளை போட்டு 'எல்லாம் சுத்தம்' என்று அறிக்கை எழுதுவது சுலபம். அதனால்தான் நிரப்பு மணலின் வகை, நீர்மட்ட ஆழம், எரிபொருளின் வகை எல்லாவற்றையும் பார்த்து மாதிரி எடுக்கும் இடத்தைத் தீர்மானிக்கச் சொல்கிறார்கள்.

கசிவு உறுதியானால் மறுபடியும் 24 மணி நேரம். அதற்குள் தகவல் சொல்லி, கசிவை நிறுத்தி, தீ ஆபத்தை நீக்க வேண்டும். எடுத்த நடவடிக்கை பற்றி 20 நாட்களில் ஓர் அறிக்கை. சுற்றியுள்ள கிணறுகள், மண், மக்கள்தொகை பற்றிய விவரங்களோடு 45 நாட்களில் இன்னொன்று. கிணறு பாதிக்கப்பட்டிருந்தாலோ, எண்ணெய் தனியாக மிதந்தாலோ, மாசுபட்ட மண் நிலத்தடி நீரைத் தொட்டுக்கொண்டிருந்தாலோ, மாசு எதுவரை பரவியிருக்கிறது என்று முழு ஆய்வு செய்தாக வேண்டும். குடிநீரில் பென்சீனுக்கான வரம்பு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம்தான். கொஞ்சம் கசிந்தாலே பெரிய தலைவலி ஆவது இதனால்தான்.

செலவு டேங்க்கின் உரிமையாளர் அல்லது அதை நடத்துபவர் தலையில். எரிபொருள் விற்பவர்கள் ஒரு கசிவுக்கு 10 லட்சம் டாலர் வரை ஈடுகட்டும் ஏற்பாட்டை முன்கூட்டியே காட்ட வேண்டும்; காப்பீடாகவோ, மாநில நிதியாகவோ இருக்கலாம். பொறுப்பாளி யாரென்றே தெரியாத இடங்களைச் சுத்தம் செய்ய, கேலனுக்கு 0.1 சென்ட் வரியில் 1986இல் ஒரு நிதியம் உருவானது.

பண்ணையிலோ வீட்டிலோ சொந்த வண்டிக்காக வைத்திருக்கும், 1,100 கேலனுக்கு மேற்படாத டேங்க்குக்கு இந்தக் கூட்டாட்சி விதி பொருந்தாது. அதே இடத்தில் பயன்படுத்தும் சூடேற்று எண்ணெய் டேங்க்குக்கும் அப்படியே. மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கும் இதில் உரிமை உண்டு. சுத்திகரிப்புத் திட்டம் தேவைப்படும் கசிவு என்றால், நேரடியாகப் பாதிக்கப்படுபவர்களுக்கு அதிகாரிகள் அறிவிக்க வேண்டும். கேட்டால் ஆவணங்களைக் காட்ட வேண்டும். நிர்ணயித்த அளவுக்குச் சுத்தமாகாமலே வேலையை முடித்துக்கொள்ள யோசித்தால், அதையும் பொதுமக்களுக்கு அறிவித்தாக வேண்டும்.